முட்டை நின்ற காடையை வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

பிரியாணிக்கு என்று வாங்கிய காடைக்கு வீட்டுப் பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டால் அது பிழைத்துக்கொள்ளும். திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆனது. ஆறு குஞ்சு வாங்கினேன். கறிக்கு ஆகும் பருவம் வந்தபோது மகள் மிளகு, கடுகு, சீரகம் என்று அஞ்சறைப்பெட்டி முழுக்கப் பெயர் சூட்டி முடித்திருந்தாள். "மிளகை வெட்டுனீங்கன்னா நான் இனிமே சாப்பிடவே மாட்டேம்ப்பா" என்றாள். வெட்டவில்லை. பிறகுதான் சிக்கல் தொடங்கியது.

காடையைப் பற்றித் தமிழில் கிடைக்கும் யோசனை பெரும்பாலும் பண்ணைக்கானது. பண்ணையில் கறிக்காடைக்கு ஆயுள் ஐந்தாறு வாரம், முட்டைக்காடைக்கு ஏறக்குறைய ஒரு வருடம். அதற்குப் பிறகு அந்தப் பறவை அங்கே இருக்காது, அதனால் அதன் முதுமையைப் பற்றி யாரும் எழுதுவதும் இல்லை. நாம் வளர்க்கும் ஜப்பானியக் காடையோ நல்ல கவனிப்பில் இரண்டு மூன்று வருடம் இருக்கும், சிலது அதையும் தாண்டும். ஒன்றரை வயதுக் காடை பாட்டி மாதிரி. பாட்டியைப் பண்ணைக் கணக்கில் வைத்துப் பராமரிப்பதுதான் நாம் செய்யும் தவறுகளில் பாதி. மீதிப் பாதி கைவைத்தியம்.

முதலில் பல்பைச் சொல்ல வேண்டும். காடை முட்டையிடுவதைப் பெரிதும் தீர்மானிப்பது வெளிச்சம். ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் கொடுத்து முட்டை வாங்குவது பண்ணை முறை. நம் டெல்டாவில் மார்கழிப் பகல் ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம், ஆனிப் பகலே பன்னிரண்டே முக்கால்தான். பொழுதோடு பொழுதாக விட்டால் குளிர்காலத்தில் உடம்பு கொஞ்சம் ஓய்வெடுக்கும். ராத்திரி பத்து மணி வரை கூண்டுமேல் எரிகிற பல்பு அந்த ஓய்வைக் கொடுக்காது. 200 கிராம் பறவை 10 கிராம் முட்டை போடுகிறது. அறுபது கிலோ எடையுள்ள பெண்மணி நாள் தவறாமல் மூன்று கிலோ பிள்ளை பெற்றுக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து தீவனத்தில் போதாதபோது எலும்பிலிருந்து உருவப்படுகிறது. ஓடு இறுகாத தோல்முட்டை, நொண்டல், உள்சதை வெளியே வரும் அடிதள்ளல் எல்லாம் இந்த வரிசையில்தான் வருகின்றன.

வயதான பெட்டைக்குப் பல்பை நிறுத்திவிடுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கூண்டைப் பருத்தித் துணியால் மூடி, காலையில் எட்டு மணிக்கு எடுங்கள். பத்து மணி நேர வெளிச்சம் போதும். ஒரே நாளில் குறைக்காமல் ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பது நல்லது. காற்று போக அடியில் இடைவெளி இருக்கட்டும். முட்டையை நிறுத்த வேண்டுமென்று தீவனத்தையோ தண்ணீரையோ நிறுத்துகிறவர்களும் உண்டு. கிழப்பறவை அதைத் தாங்காது.

முட்டை சிக்கிக்கொள்ளும் விஷயத்தில் நான் செய்ததை மறைக்காமல் சொல்கிறேன். கடுகுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது. ஒரு மத்தியானம் உப்பிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தது. மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடியது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா பார்த்துவிட்டு, "முட்டை மாட்டிக்கிட்டிருக்கு தம்பி. வெளக்கெண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு வயித்த மெதுவா அமுக்கு, வழுக்கிக்கிட்டு வந்துரும்" என்றார். அவர் சொன்ன நோய் சரி, வைத்தியம்தான் தவறு. நான் அமுக்கினேன். உள்ளே ஏதோ நொறுங்குவது விரலுக்குத் தெரிந்தது. விடிவதற்குள் கடுகு போய்விட்டது. ஓட்டுச்சில் உள்ளே கிழிக்கும், கரு வயிற்றுக்குள் கசிந்து சீழ் பிடிக்கும் என்று கால்நடை டாக்டர் பிறகு விளக்கினார்.

அமுக்காமல் என்ன செய்வது? அட்டைப்பெட்டியில் மெத்தென்று துணி விரித்துப் பறவையை வைத்து, துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் மறுபக்கம் ஒதுங்க இடம் வேண்டும். ஈரத்துணி ஒன்றைப் பெட்டிக்குள் தொங்கவிட்டு, அரை இருட்டில் தொந்தரவில்லாமல் விடுங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் முட்டை வரவில்லை என்றால் பெட்டியோடு டாக்டரிடம் கிளம்ப வேண்டியதுதான். கால்சியம் ஊசி போடுவதா, வேறு வழி பார்ப்பதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். மாட்டுக்கு அடிதள்ளுவதுபோலக் காடைக்கும் சிவப்பாகச் சதை வெளியே வரும். அப்போது முதல் வேலை அதை மற்றக் காடைகளிடமிருந்து பிரிப்பது. சிவப்பைக் கண்டால் கூட்டாளிகளே கொத்திக் குதறிவிடும்.

அடுத்தது தீவனம். முட்டைத் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய 3 சதவீதம் இருக்கும். தினமும் ஓடு செய்கிற பெட்டைக்கு அது வேண்டும். முட்டை நின்ற பெட்டைக்கும் சேவலுக்கும் அதையே மாதக்கணக்கில் போட்டால் அந்தச் சுமை சிறுநீரகத்தில் இறங்கும், மூட்டு வீங்கும். சேவலும் பெட்டையும் ஒரே கூண்டில் இருப்பதால் பலர் இதை யோசிப்பதே இல்லை. சுண்ணாம்புச் சத்து குறைந்த வளர்பருவத் தீவனத்துக்கு மாற்றிவிட்டு, இன்னும் முட்டையிடுகிற பெட்டைக்காகக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் போதும். தேவையுள்ளது தேடிப்போய்த் தின்னும். நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையில் கிளிஞ்சலுக்குப் பஞ்சமில்லை. கழுவி, காயவைத்து, குருணை அளவுக்கு இடித்துக்கொள்ளலாம். ஆனால் கிளிஞ்சல் வேறு, கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு வேறு. "எல்லாம் ஒண்ணுதானே" என்று வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி வைத்த ஒருவரை எனக்குத் தெரியும். அது வாயையும் தொண்டையையும் வேகவைத்துவிடும்.

கையில் எடுத்தால் காடை கொதிக்கும். உடனே காய்ச்சல் என்று முடிவுகட்டி, பிள்ளைக்கு வாங்கி வைத்த காய்ச்சல் மருந்தைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பறவையின் இயல்பான உடல் வெப்பமே 41, 42 டிகிரி செல்சியஸ். நம் கைக்கு எல்லாக் காடைக்கும் காய்ச்சல்தான். நமக்குத் தரும் வலி மருந்துகளை 200 கிராம் உடம்புக்கு அளந்து கொடுக்க வீட்டில் வழியே கிடையாது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துத்தான் இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகினமே அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். அதே மாத்திரையில் கால் துண்டைப் பொடித்துக் காடைக்கு வைப்பது எவ்வளவு பெரிய விபரீதம் என்று பாருங்கள்.

மருந்து சரியாகவே இருந்தாலும் ஊட்டுகிற விதத்தில் கொல்லலாம். காடையின் மூச்சுக்குழல் வாசல் நாக்கின் வேர்ப்பக்கத்திலேயே இருக்கிறது. அலகைப் பிளந்து மிளகுக் கஷாயத்தையோ குளுக்கோஸ் தண்ணீரையோ ஊற்றினால் நேரே நுரையீரலுக்குப் போகும். சோர்ந்த பறவைக்குத் தும்மவும் தெம்பிருக்காது. அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து, அது தானாக விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு. பத்துச் சொட்டுக்குப் பத்து நிமிஷம் ஆகும், ஆகட்டும்.

கம்பிவலைத் தரை எச்சம் கீழே விழுவதற்காகப் பண்ணைக்குக் கண்டுபிடித்த வசதி. கிழக்காடைக்கு அது பாதத்தில் தடிப்பும் வீக்கமும் கொண்டுவரும், பிறகு நடுவில் கறுப்புப் பொருக்கு. பொருக்கைக் கிள்ளாதீர்கள், பிதுக்காதீர்கள். தரையை மாற்றினாலே தொடக்கநிலை வீக்கம் வடியும். பரப்புவதற்கு உமி நமக்கு ரைஸ் மில்லில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது, நல்ல பொருள்தான், காய்ந்திருக்கும் வரை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உமியும் வைக்கோலும் இரண்டே நாளில் பூஞ்சணம் பிடிக்கும். அந்தத் தூசியை இழுத்த காடை வாயைத் திறந்து மூச்சு வாங்கும். அதைச் சளி என்று எண்ணி ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது, பூஞ்சைக்கு அது கேட்காது. மழைக்காலத்தில் நான் உமியை வாரத்துக்கு இரண்டு முறை முழுக்க மாற்றுகிறேன். கூண்டு உயரத்துக்குக் குனிந்து முகர்ந்து பார்ப்பேன். எச்சத்தின் காரம் என் மூக்கில் ஏறினால், நாள் முழுக்க அங்கேயே நிற்கிற பறவையின் கண் என்ன ஆகும்? பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளமும் கடலைப்பிண்ணாக்கும் கல்லீரலைக் கெடுக்கும். வெயிலில் காயவைத்தால் நஞ்சு போகாது. கொட்டிவிடுங்கள்.

விரல்களில் எச்சமும் தீவனமும் சேர்ந்து உருண்டையாக இறுகியிருந்தால் பிய்க்கக் கூடாது, நகம் கூடவே வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டால் கரையும். நகத்தை வெட்டும்போது நுனியை மட்டும்.

தீபாவளி தனி வம்பு. பயந்தால் காடை நேராக மேலே பாயும். வெடிச்சத்தத்தில் கூண்டுக் கூரையில் மோதி மண்டைத்தோல் உரிந்த பறவையைப் பார்த்திருக்கிறேன். கூரைக்கு உள்பக்கம் துணியோ மீன்வலையோ தொய்வாகக் கட்டிவிடுங்கள். கண்புரை விழுந்த காடைக்கு இன்னொன்றும் வேண்டும்: தண்ணீரும் தீவனமும் இடம் மாறாமல் இருப்பது. மிளகுக்கு இப்போது இரண்டு கண்ணும் தெரியாது. கிண்ணம் இருக்கும் இடத்தை மாற்றாதவரை அது பட்டினி கிடந்ததில்லை. ஒருநாள் கூண்டைக் கழுவிவிட்டு மாற்றி வைத்தேன், சாயங்காலம் வரை பழைய மூலையையே கொத்திக்கொண்டிருந்தது. தண்ணீர்க் கிண்ணத்தில் கூழாங்கல் போட்டு வையுங்கள். தள்ளாடி விழுந்தால் ஓரங்குலத் தண்ணீரும் காடைக்கு ஆழம்.

ஜோடி செத்துப்போன சேவலுக்குத் துணை வேண்டுமென்று அறுவடை வயலில் வலைபோட்டுப் பிடித்த காடையை வாங்கிவிடாதீர்கள். காட்டுக்காடையைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், நோயும் கூடவே வரும். இளம் சேவலைக் கிழப்பெட்டையோடு விடுவதும் வேண்டாம், முதுகில் ஒரு இறகு மிஞ்சாது. நோயாளியைப் பிரிக்கும்போதுகூட நடுவில் வலைத்தடுப்பு வைத்து, ஒன்றையொன்று பார்க்கும்படி விடுங்கள்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லாதவர் இல்லை. நேற்றும் நன்றாக இருந்திருக்காது, காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். பிற உயிர்க்கு இரையாகும் பறவைகள் நோயை மறைக்கும். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் ஒரு டப்பாவை வைத்து எடை போட்டுக் காலண்டரில் எழுதுங்கள். 200 கிராம் பறவை 20 கிராம் இறங்கினால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். தஞ்சைப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும்போது அந்த எடைச்சீட்டையும், காலை எச்சத்தின் படத்தையும், கொடுக்கும் தீவனத்தில் ஒரு பிடியையும் கொண்டுபோனால் பாதிக் கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கும்.

கடைசியாக, செத்த பறவையை வாய்க்காலில் வீசுவது. ஊரில் பலர் செய்கிறார்கள். அடுத்த தெருக் கோழிக்கு நோய் அப்படித்தான் போகிறது. ஒன்று செத்தால் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்கலாம். அடுத்தடுத்து இரண்டு மூன்று விழுந்தால் தொடாமல் அரசுக் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லிவிட வேண்டும், பறவைக்காய்ச்சலா என்று அவர்கள் பார்க்க வேண்டும். டெல்டாவில் மழைக்காலத்தில் இரண்டடி தோண்டினாலே தண்ணீர் சுரக்கும் என்பதால் கிணற்றுக்கும் அடிபம்புக்கும் எட்டத்தில் மேட்டு இடமாகப் பாருங்கள். கடுகு கொல்லைக் கடைசியில், தென்னை நிற்கிற திட்டில் கிடக்கிறது. நாய் தோண்டாதிருக்க மேலே ஒரு கருங்கல்லை வைத்திருக்கிறோம்.