கடலோர வீட்டில் சுவருக்கும் சீலிங்குக்கும் ஒரே நிறம்: நீங்களே அடிக்கலாம்

பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று நம் ராமநாதபுரம் கரையில் முதல்முறையாகப் பெயிண்ட் அடிக்கப் போகிறவர்களுக்குச் சுவர், சீலிங் இரண்டுக்கும் ஒரே நிறம்தான் சுலபம். மூலையில் நேர்கோடு பிடிக்கும் வேலையே இல்லை. வெளிர் நிறமாக, மேட் எமல்ஷனாக (தண்ணீர் கலந்து அடிக்கும், பளபளப்பில்லாத பெயிண்ட்) வாங்குங்கள். பளபளப்பு கூடினால் சீலிங்கின் மேடுபள்ளம் அப்படியே தெரியும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய சுவர் காய்ந்த பிறகு, மாசி பங்குனியில் தொடங்கலாம். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் ஈரப் பெயிண்டில் மணல் ஒட்டும்.

அடுத்தது உப்பு. நம் பக்கத்தில் பாதி வேலை இதுதான். சுவரின் அடியில் வெள்ளையாகப் பூத்திருப்பதைத் தண்ணீர் விட்டுக் கழுவவே கழுவாதீர்கள். உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள் போகும். காய்ந்த பிரஷால் தேய்த்து அள்ளுங்கள். பிறகு அங்கே ஒரு பாலிதீன் துண்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் நீர் கோத்திருந்தால் சுவரில் இன்னும் ஈரம். குழாய்க் கசிவா, வெளிச்சுவர் விரிசலா, தரையிலிருந்து ஏறுகிறதா என்று கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை டப்பாவைத் திறக்க வேண்டாம். எவ்வளவு விலை கொடுத்த பெயிண்டும் அந்த இடத்தில் உரிந்துவிடும்.

சீலிங்கைக் கம்பால் தட்டுங்கள். பொள்ளலாகச் சத்தம் கேட்டாலோ துருக்கறை தெரிந்தாலோ உள்ளே கம்பி அரித்திருக்கலாம். கொத்தனாரைக் கூப்பிடுங்கள், பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை மாவு) பூசி மறைத்தால் என்றைக்காவது காரை தலையில் விழும்.

இனி வேகமாகப் போகலாம். பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, பட்டி பார்த்து, காய்ந்ததும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசி துடைத்து, பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) ஒரு கோட் அடியுங்கள்.

வாங்கிய டப்பாக்களை எல்லாம் பெரிய பக்கெட்டில் ஊற்றிக் கலந்துவிடுங்கள். டப்பாவுக்கு டப்பா நிறம் லேசாக மாறும். டப்பாவில் சொன்ன அளவுக்குத் தண்ணீர் சேருங்கள். உவர்ப்பான போர் தண்ணீர் வேண்டாம், குடிதண்ணீர்தான்.

மெயினை அணைத்து, சுவிட்ச் போர்டை மூடி, சீலிங்கில் தொடங்குங்கள். ஓரங்களைச் சின்ன பிரஷால் அடித்து, அது காயும் முன்பே ரோலரை அதன்மேல் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் பட்டை பட்டையாகத் தெரியும். சுவரில் சொட்டு வழிந்தால் உடனே ரோலரால் தேய்த்துவிட்டால் போதும். பிறகு சுவரை மேலிருந்து கீழாக அடியுங்கள். காற்றில் ஈரம் அதிகம் என்பதால் பெயிண்டின் இரண்டாவது பூச்சை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒரு பல்பைச் சுவரோரமாகப் பிடித்துப் பார்த்தால், விட்டுப்போன இடமெல்லாம் தெரியும்.