ஐடி எண்ணின் கடைசி இலக்கம்: கையாலேயே சரிபார்ப்பது எப்படி?

தென்னாப்பிரிக்க ஐடி எண்ணில், அதாவது அடையாள எண்ணில், 13 இலக்கங்கள். டர்பன் பகுதியின் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ சங்க உறுப்பினர் பட்டியல் எழுதுகிறவருக்கு ஓர் இலக்கம் கை தவறிப்போவது சகஜம். அதைக் காட்டிக்கொடுக்கத்தான் கடைசி இலக்கம். தாளும் பேனாவும் போதும்; அடுத்தவர் எண்ணை ஏதோ ஓர் இணையதளத்தில் தட்டிப் பார்க்கவே வேண்டாம்.

பயிற்சிக்கு 6002300904083 என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரி 30 அன்று யாரும் பிறப்பதில்லை, ஆகவே இது எவருடைய எண்ணும் அல்ல.

முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த நான்கு 5000-க்குக் கீழே இருந்தால் பெண், 5000 முதல் ஆண். 11ஆவது இலக்கம் 0 என்றால் குடியுரிமை உள்ளவர், 1 என்றால் நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவர். 12ஆவது, நிறவெறி ஆட்சியில் இனத்தைக் குறித்தது. இப்போது பெரும்பாலும் 8.

படி 1: 13 இலக்கம் இருக்கிறதா என்று எண்ணுங்கள்.

படி 2: இடமிருந்து 1, 3, 5, 7, 9, 11ஆம் இலக்கங்களைக் கூட்டுங்கள். 6+0+3+0+0+0 = 9.

படி 3: 2, 4, 6, 8, 10, 12ஆம் இலக்கங்களை வரிசையாகச் சேர்த்து ஒரே எண்ணாக எழுதுங்கள்: 020948. இரண்டால் பெருக்கினால் 41896. அதன் இலக்கங்களைக் கூட்டினால் 4+1+8+9+6 = 28. பலர் சறுக்குவது இங்கேதான்: 41896-ஐயே கூட்டிவிடுகிறார்கள்.

படி 4: 9+28 = 37. அடுத்த பத்தின் மடங்கு 40. அதற்கு 3 குறைகிறது. கடைசி இலக்கமும் 3. சரி. கூட்டுத்தொகையே 40 ஆக வந்தால் கடைசி இலக்கம் 0, 10 அல்ல.

இது லூன் முறை. ஐபிஎம்-மில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. வங்கி அட்டை எண்களிலும் இதே கணக்குதான்.

ஏன் இரண்டால் பெருக்க வேண்டும்? 0 முதல் 9 வரை இரட்டித்து, விடையின் இலக்கங்களைக் கூட்டினால் 0, 2, 4, 6, 8, 1, 3, 5, 7, 9 என்று வரும். எதுவும் இருமுறை வரவில்லை பாருங்கள். அதனால் ஓர் இலக்கம் மட்டும் பிழையானால் நிச்சயம் மாட்டிக்கொள்ளும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் அப்படியே: நம் எண்ணில் 23-ஐ 32 என்று எழுதினால் கூட்டுத்தொகை 38 ஆகி, பொருந்தாமல் போகும்.

ஓர் ஓட்டை உண்டு. 0, 9 இரண்டும் இரட்டித்தாலும் மாறாதவை. ஆகவே 09-ஐ 90 என்று மாற்றி எழுதினால் கணக்குக்குத் தெரியாது. நம் எண்ணில் 0904 என்பது 9004 ஆனால் பெண் ஆணாகிவிடுவார். கூட்டுத்தொகை அதே 37! தேதி பொய் என்பதையும் இந்தக் கணக்கு சொல்லாது, மேலே பிப்ரவரி 30 தேறிவிட்டதே.

எக்செலில் ஏற்றும்போது 2000-க்குப் பின் பிறந்தவர்களைக் கவனியுங்கள். அவர்கள் எண் 0-வில் தொடங்கலாம். எக்செல் அதை விழுங்கிவிடும். வலமிருந்து எண்ணிச் சரிபார்க்கும் சூத்திரம் இந்தப் பிழையைப் பிடிக்காது, ஏனென்றால் விழுந்த 0 கூட்டுத்தொகையை மாற்றாது. எண்களை ஏற்றுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றுங்கள். பிறகு மாற்றினால் போன 0 தானாகத் திரும்பி வராது.