நிச்சயம் ஆன பின் முதல் மலையேற்றம்: செஞ்சிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

எங்களுக்கு நிச்சயதார்த்தம் ஆனபோது கல்யாணத்துக்கு ஏழு மாதம் இருந்தது. முதல் இரண்டு மாதம் போனிலேயே போனது. நேரில் பார்த்தாலும் மண்டபம், பத்திரிகை, புடவை என்று பேச்சு அங்கேயே சுற்றும். மூன்றாவது மாதம் செஞ்சிக் கோட்டை ஏறினோம். அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்கு அன்றுதான் கொஞ்சம் தெரிந்தது. அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு ஞாயிறு எங்காவது வெளியே போவதை வழக்கமாக்கிக்கொண்டோம். நிச்சயம் ஆகியிருக்கும் தோழிகள் சிலர் எப்படிப் போவது, வீட்டில் எப்படிக் கேட்பது என்று கேட்டார்கள். மலையே ஏறிப் பழக்கமில்லாதவர்களை மனதில் வைத்து, சென்னையிலிருந்து கிளம்பும் கணக்கில் எழுதுகிறேன்.

முதல் படி: வீட்டில் சொல்வது

மறைத்துப் போகாதீர்கள். மலையில் போன் எடுக்காமல் போகும் இடங்கள் உண்டு. எங்கே போயிருக்கிறீர்கள் என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். "வெளியே போறோம்" என்று பொதுவாகச் சொன்னால் அம்மாக்களுக்குப் பயம்தான் வரும். எந்த ஊர், எந்த பஸ், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று விவரமாகச் சொன்னால் பாதிக் கவலை குறைந்துவிடும்.

நான் கேட்டதும் அம்மா சொன்ன முதல் வார்த்தை, "அவங்க வீட்ல என்ன நினைப்பாங்க?" அன்று மாலையே அவர் என் அம்மாவுக்குப் போன் செய்தார். "அத்தை, எங்க வீட்ல சொல்லிட்டேன். ராத்திரி ஒம்பதுக்குள்ள நானே வந்து விட்டுடறேன்" என்றார். அப்பா மட்டும், "தம்பியையும் கூட்டிட்டுப் போங்க" என்றார். சரி என்று கூட்டிப்போனோம். உங்கள் வீட்டிலும் அப்படிச் சொன்னால் மறுக்க வேண்டாம். முதல் தடவை மலையேறும்போது மூன்றாவது ஆள் இருப்பது நல்லது. ஒருவருக்குக் கால் பிசகினால் ஒருவர் துணைக்கு உட்காரலாம், ஒருவர் உதவி கேட்டு இறங்கலாம்.

இரண்டாம் படி: இடத்தை முடிவு செய்வது

முதல் பயணத்துக்குக் காட்டுக்குள் இருக்கும் மலை வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் பலர் இறந்தார்கள். அவர்களில் புதிதாகக் கல்யாணமானவர்களும் இருந்தார்கள். அனுமதி இல்லாமல், வழிகாட்டி இல்லாமல் காட்டுக்குள் போகவே கூடாது. காட்டில் நடக்க ஆசை இருந்தால் வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் இணையத்திலேயே பதிவு செய்யலாம். 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். வனத்துறையின் வழிகாட்டிகள் கூடவே வருவார்கள். காட்டுத்தீ பயமுள்ள மாதங்களில் பாதைகளை மூடிவிடுவார்கள். இரண்டு மூன்று சிறிய மலை ஏறிய பிறகு அதற்குப் போங்கள்.

முதலில் செஞ்சி. சென்னையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். ஒரே நாளில் போய்த் திரும்பலாம், படிக்கட்டு இருக்கிறது, வழி தப்பாது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று மூன்று மலைகளை மதிலால் இணைத்துக் கட்டிய கோட்டை. மராட்டிய மன்னர் சிவாஜி 1677ல் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் உள்ளே இருந்தபோது 1690ல் முகலாயப் படை முற்றுகையிட்டது. கோட்டை விழுந்தது 1698ல். கிட்டத்தட்ட எட்டு வருடம்! ராஜகிரியின் சரிவில் நின்று கீழே பார்த்தால் அது ஏன் என்று புரியும். தேசிங்கு ராஜா கதையைத் தாத்தா பாட்டியிடம் கேட்டிருப்பீர்கள். 1714ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இறந்த அந்த இளைஞன் ஆண்டது இந்தக் கோட்டையைத்தான். 2025ல் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி.

எப்போது போகலாம் என்றால், டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம், பாறை அடுப்பு மாதிரி காயும். மழை பெய்த மறுநாளும் வேண்டாம், படிகள் வழுக்கும்.

மூன்றாம் படி: இரண்டு வாரம் பழகுவது

லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் ஏறுங்கள். தினமும் அரைமணி நேரம் வேகமாக நடங்கள். புது ஷூவை அன்றைக்கு முதல் தடவையாகப் போடாதீர்கள், பத்து நாள் போட்டுப் பழகியிருக்க வேண்டும். இதற்கு மேல் தயாரிப்பு தேவையில்லை.

நான்காம் படி: பை கட்டுவது

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். இதில் குறைக்காதீர்கள். நாங்கள் ஆளுக்கு ஒரு லிட்டர்தான் கொண்டுபோனோம், பாதி மலையிலேயே தீர்ந்துவிட்டது. மேலே கடை எதுவும் கிடையாது. உச்சியில் நாக்கு ஒட்டிக்கொண்டது, இறங்கும்போது தம்பிக்குத் தலை சுற்றியது. ஓஆர்எஸ் பொட்டலம் நான்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குப் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும். தயிர்சாதம் வெயிலில் புளித்துவிடும். நடுவில் கொறிக்கக் கடலை மிட்டாய். தொப்பி, பருத்தி உடை, பேண்ட்எய்ட், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க். துப்பட்டா போடுவதாக இருந்தால் இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள், படியில் காலில் சிக்கும்.

குரங்குகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கையில் பாலிதீன் பை தெரிந்தால் நேராக வந்து பிடுங்கும். சாப்பாடு, தண்ணீர் எல்லாம் ஜிப் போட்ட முதுகுப்பைக்குள் இருக்கட்டும். குரங்கு பக்கத்தில் வந்தால் சிரிக்கவும் வேண்டாம், முறைத்துப் பார்க்கவும் வேண்டாம். உங்கள் பாட்டுக்கு நடந்துகொண்டே இருங்கள்.

ஐந்தாம் படி: அன்றைய நாள்

சென்னை கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் காலை ஐந்து மணிக்கு, செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகும் பஸ் பிடியுங்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். செஞ்சி பஸ் ஸ்டாண்ட் பக்கம் இட்லி சாப்பிட்டுவிட்டு ஆட்டோவில் கோட்டைக்குப் போங்கள். ஏறும் முன்பே கழிப்பறைக்குப் போய்விடுங்கள்.

முதலில் ராஜகிரி. மூன்று மலைகளில் இதுதான் உயரம், சுமார் 800 அடி. பிற்பகலில் ஒரு நேரத்துக்கு மேல் உச்சிக்கு ஏற விடமாட்டார்கள். கீழே இருக்கும் கல்யாண மஹால், களஞ்சியம் எல்லாம் இறங்கி வந்து பார்த்துக்கொள்ளலாம், வெயிலுக்கு முன்னால் ஏறுவதே முக்கியம்.

ஆறாம் படி: சேர்ந்து நடப்பது

எல்லாவற்றையும்விட இதைத்தான் சொல்ல ஆசைப்பட்டேன். மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும். வேகமாக நடப்பவர் முன்னால் போனால், பின்னால் வருபவர் மூச்சு வாங்கிக்கொண்டே எட்டிப்பிடிக்கப் பார்ப்பார். முன்னால் போனவர் இவர் வரும்வரை இளைப்பாறிவிட்டு, இவர் வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடுவார். ஓய்வே கிடைக்காது. எங்களுக்கு முதல் அரைமணி நேரம் அப்படித்தான் நடந்தது. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் நிச்சயம் ஆன மூன்றாம் மாதத்தில் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டேன். "என்னால இந்த வேகத்துல முடியல" என்றேன். அவர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு, "நீ முன்னாடி போ, நான் உன் கால பார்த்து நடக்கறேன்" என்றார். உச்சிவரை அப்படியே நடந்தோம்.

அதனால் ஏறத் தொடங்கும் முன்பே மூன்று விஷயங்களைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். முடியவில்லை என்றால் உடனே சொல்ல வேண்டும். ஒருவர் திரும்பலாம் என்றால் இருவரும் திரும்ப வேண்டும், அதில் விவாதம் கிடையாது. எத்தனை மணி ஆனாலும் ஏறிவிடலாம் என்று நினைக்காமல், பன்னிரண்டு மணிக்கு எங்கே நிற்கிறீர்களோ அங்கிருந்து இறங்கிவிட வேண்டும்.

உச்சிக்குச் சற்று முன்பு ஆழமான பிளவு ஒன்று வரும். அதன் மேல் சிறிய பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி உள்ளே வர முடியாது. ஒருவர் பின் ஒருவராகத் தாண்டுங்கள், பாலத்தில் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். மேலே ரங்கநாதர் கோயில் பக்கம் நல்ல நிழலும் காற்றும் இருக்கும். அங்கே அரைமணி நேரமாவது சும்மா உட்காருங்கள்.

ஏழாம் படி: இறங்குவது

முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். பக்கவாட்டில் திரும்பி, சிறிய அடியாக வைத்து இறங்குங்கள். குப்பையை எல்லாம் பையிலேயே கீழே கொண்டுவாருங்கள். மூன்றரை மணிக்குள் திரும்பும் பஸ் ஏறிவிட்டால் இருட்டின சிறிது நேரத்தில் சென்னை. ஏறியதும் இரண்டு வீட்டுக்கும் போன் செய்யுங்கள்.

அன்றே கிருஷ்ணகிரியையும் சேர்த்து ஏறலாம் என்று தோன்றும். முதல் தடவை வேண்டாம். நாங்களும் ஏறவில்லை. கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் திண்டிவனத்துச் சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்கப் போனோம். மறுநாள் காலை செஞ்சிக்குப் போய், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரோடு கிருஷ்ணகிரி ஏறினோம்.