வெளிச்சம் ஊடுருவும் பட்டம்: வீட்டில் எல்லோரும் சேர்ந்து செய்ய

பட்டத்தில் படம் போட நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, பெயிண்ட் வேண்டாம். பறக்கும் பட்டத்தைக் கீழே நின்று பார்க்கிறோம். வெயில் அதன் முதுகுப் பக்கம் அடிக்கிறது. அக்ரிலிக் அடித்த மயில் மேலே போனதும் கறுப்புத் திட்டாகத்தான் தெரியும். கனமும் கூடிவிடும். எங்கள் வீட்டில் கலர் டிஷ்யூ காகிதத்தை வெட்டி ஒட்டுகிறோம். மஞ்சள்மேல் சிவப்பு ஏறும் இடத்தில் ஆரஞ்சு தானாக வரும். பிள்ளைகளுக்கு அதைப் பார்ப்பதே ஆனந்தம்.

காகிதம் பெங்களூர் அவென்யூ ரோட்டுப் பக்கம் கிடைக்கும். மூங்கில் குச்சி 4 மி.மீ. தடிமன் போதும். விரல்மேல் வைத்தால் நடுவில் சமமாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்தைச் சீவுங்கள்.

வடிவத்துக்கு எட்டி பட்டத்தைப் பரிந்துரைக்கிறேன். 1890களில் வில்லியம் எட்டி என்ற அமெரிக்கர் பிரபலமாக்கியது. குறுக்குக் குச்சி வில்போல் வளைந்திருப்பதால் வால் இல்லாமலே நிற்கும். இரண்டு குச்சியும் 90 செ.மீ. நெட்டுக்குச்சியின் மேல் நுனியிலிருந்து 18 செ.மீ. கீழே குறுக்குக் குச்சியின் நடுவை வைத்துக் கட்டுங்கள். நான்கு நுனியிலும் கீறல் போட்டு, சுற்றிலும் நூல் இழுத்துக் கட்டினால் சட்டம் தயார்.

டிஷ்யூ துண்டுகளை 1 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டுங்கள். மைதா பசையில் சுருங்கும், க்ளூ ஸ்டிக் எனும் குச்சிப் பசைதான் நல்லது. ஓரத்தை நூலுக்குமேல் மடித்து ஒட்டிய பிறகு, குறுக்குக் குச்சியின் இரு நுனிகளையும் முதுகுப் பக்கமாக நூல் கட்டி வளையுங்கள். வளைவின் ஆழம் 9 செ.மீ. இருக்கட்டும்.

இனி சூத்திரம், அதாவது பட்டத்தையும் பறக்கும் நூலையும் இணைக்கும் நூல். பட்டம் பறப்பதும் குட்டிக்கரணம் அடிப்பதும் இதில்தான். குச்சிகள் சேரும் இடத்தில் காகிதத்துக்கு டேப் ஒட்டித் துளையிட்டு, ஒன்றரை மீட்டர் நூலின் ஒரு முனையை முன்பக்கத்திலிருந்து நுழைத்துக் குச்சியோடு கட்டுங்கள். மறு முனை நெட்டுக்குச்சியின் அடியில். இரண்டுக்கும் நடுவே நூல் தொய்வாக இருக்கும். அந்தத் தொய்வைப் பக்கவாட்டில் இழுத்தால் இறக்கையின் நுனியை, அதாவது குறுக்குக் குச்சியின் நுனியை, சரியாகத் தொட வேண்டும். தொடும் அந்தப் புள்ளியில் ஒரு சின்ன வளையத்தைக் கோத்துக் கட்டுங்கள். பறக்கும் நூல் வளையத்தில்தான் சேரும். வெறும் முடிச்சு போடுவதைவிட வளையம் நல்லது, ஏனென்றால் மைதானத்தில் நின்றபடியே நகர்த்தலாம். பட்டம் எழாமல் படபடத்தால் வளையத்தை அரை செ.மீ. கீழே இறக்குங்கள். சுற்றிச் சுற்றி விழுந்தால் மேலே ஏற்றுங்கள். ஒரே தடவையில் அரை செ.மீ.க்கு அதிகமாக நகர்த்த வேண்டாம். அம்மியையே தூக்கும் ஆடிக் காற்றில் கொஞ்சம் மேலேயே வைத்துத் தொடங்கலாம். இங்கே கர்நாடகத்திலும் ஆஷாடத்தில்தான் பட்டம் விடுவார்கள். தொட்டபள்ளாபுரத்தில் பட்டத் திருவிழாவே நடக்கும், பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

பருத்தி நூல் மட்டும் பயன்படுத்துங்கள். நைலான் மாஞ்சாவை 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை செய்தது. பருந்தின் இறக்கையையும் வண்டியில் போகிறவர் கழுத்தையும் அறுக்கும் நூல் அது. மின்கம்பியில் பட்டம் சிக்கினால் அப்படியே விட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை: கொலுவுக்கும் பொங்கல் விழாவுக்கும் பட்டங்களை எப்படித் தொங்கவிடுவது என்று சிலர் கேட்டிருந்தார்கள். சுவரில் ஒட்டினால் டிஷ்யூவின் அழகே போய்விடும். ஜன்னலுக்கு முன்னால், சுவரிலிருந்து தள்ளி, மீன்பிடி நரம்பில் தொங்கவிடுங்கள். மேல் நுனியிலும் அடியிலுமாக இரண்டு இடத்தில் கட்டி, பறக்கும்போது இருக்கிற சாய்வைக் கொடுங்கள். ஹாலில் ஜன்னல் இல்லையென்றால் பின்னால் வெள்ளை எல்.ஈ.டி. விளக்கு வைக்கலாம். சூடாகும் குண்டு பல்பு கூடாது. விழா முடிந்து எடுத்து வைக்கும்போது வில் நூலை அவிழ்த்துவிடுங்கள், இல்லையென்றால் மூங்கில் அப்படியே வளைந்துபோகும்.