ஆகாய கங்கைக்கு போறீங்களா? ஏறி வர்றதுக்கு தெம்பு மிச்சம் வச்சுக்கோங்க

கொல்லிமலை ஆகாய கங்கை அருவில மத்த மலை மாதிரி முதல்ல ஏறிட்டு அப்புறம் ஜாலியா இறங்கி வர்ற கதையே கிடையாது, எல்லாமே தலைகீழ். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்துலருந்து ஆயிரத்துக்கு மேல படி கீழ இறங்கணும், குளிக்கணும், குளிச்சு கை கால் எல்லாம் தளர்ந்து போனப்புறம் தான் அத்தனை படியும் ஏறணும். இது மட்டும் மண்டைல ஏறிடுச்சுன்னா மத்ததெல்லாம் ஈசி.

மலைக்கு போக அடிவாரத்துல இருக்கற காரவள்ளி வழின்னா 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு போர்டு இருக்கும். வாந்தி வர்ற ஆளுங்க வயிறு முட்ட பொங்கல் சாப்பிட்டு வண்டி ஏறாதீங்க, ரெண்டு இட்லி போதும். சொந்த வண்டின்னா திரும்ப இறங்கறப்ப மேல ஏறி வர்ற வண்டிக்கு வழி விட்டுட்டு போங்க, கியர்லயே இறங்குங்க, பிரேக்கையே அமுக்கிட்டு வந்தா பாதி மலைல கருகுற வாடை வந்துரும். பஸ்ல வர்றவங்களுக்கு நாமக்கல், சேலத்துலருந்து பஸ் இருக்கு, ஆனா திரும்பி போற கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு இறங்கறப்பவே கண்டக்டர்கிட்ட கேட்டு வச்சுக்கோங்க.

காலைல சீக்கிரம் போயிடுங்க, லேட்டா போனா உள்ள விட மாட்டாங்க, விட்டாலும் ஏறி வர்றதுக்குள்ள இருட்டிரும். ஃபாரஸ்ட் ஆளுங்க டிக்கெட் போடுற இடத்துல பிளாஸ்டிக் இருக்கான்னு பைய பார்ப்பாங்க. சீசன்னு பார்த்தா மழை முடிஞ்ச கையோட போறது தான் பெஸ்ட், ஐப்பசி கார்த்திகை மழை ஓஞ்சு மார்கழி தை வாக்குல போனா தண்ணியும் இருக்கும், குளிரும் இருக்கும். பங்குனி சித்திரைல போயிட்டு தண்ணியே இல்லன்னு புலம்பாதீங்க. நல்ல மழை பேஞ்சுட்டு இருந்தா மூடிடுவாங்க, அதனால கிளம்புறதுக்கு முன்னாடி மலைல தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா ஒரு போன் போட்டு கேட்டுக்கறது நல்லது.

இப்ப டிரஸ் மேட்டர். நான் முதல் தடவை போனப்ப ஜீன்ஸ் போட்டுட்டு போய் அதோடவே குளிச்சு அதோடவே ஏறினேன், முன்னூறு படி தாண்டறதுக்குள்ள ஒவ்வொரு காலும் ஒரு மூட்டை சிமெண்ட் மாதிரி ஆயிடுச்சு, தொடை உரசி ரெண்டு நாள் கால அகட்டி அகட்டி தான் நடந்தேன், வீட்ல எல்லாருக்கும் சிரிப்பு. ஷார்ட்ஸோ லுங்கியோ எடுத்துட்டு போங்க, குளிச்சு முடிச்சதும் காஞ்ச துணி மாத்திட்டு தான் ஏறணும். வழுக்குற ரப்பர் செருப்பு வேணாம், பின்னாடி பெல்ட் இருக்கற சாண்டல் போதும்.

படி சில இடத்துல ரொம்ப செங்குத்து, முழங்கால் வலி இருக்கறவங்களுக்கு இறங்கறது தான் பெரிய வில்லங்கம், கம்பிய புடிச்சுட்டு நேரா இறங்காம கொஞ்சம் சைடு வாக்குல கால வச்சு இறங்குங்க. கீழ போறதுக்குள்ள தொடை தானா டைப் அடிக்கும், பயப்படாதீங்க எல்லாருக்கும் அப்படித்தான். குரங்கு நிறைய, கைல கவர் தொங்கவிட்டா அது உங்களோடது இல்ல, அவ்வளவு தான்.

அருவிய பார்த்ததும் வந்த வலி எல்லாம் போயிரும். அய்யாறுங்கற ஆறு 300 அடி உயரத்துலருந்து விழுது, பக்கத்துல போறதுக்கு முன்னாடியே காத்தும் சாரலும் மூஞ்சில அறையும், கண்ணே திறக்க முடியாது. நேரா தண்ணிக்கு அடில தலைய குடுக்காதீங்க, ஓரமா நின்னாலே முதுகு பிடிச்சு விட்ட மாதிரி இருக்கும். ஒண்ணு மட்டும் முக்கியம், நீங்க நிக்கற இடத்துல வெயில் அடிச்சாலும் மேல மலைல மழை பேஞ்சிருக்கலாம், தெளிவா இருந்த தண்ணி திடீர்னு செம்மண் கலருக்கு மாறினாலோ சருகு குச்சி எல்லாம் அடிச்சுட்டு வந்தாலோ செல்ஃபிய விட்டுட்டு உடனே கரை ஏறிடுங்க.

ஏறும்போது போட்டி போடாதீங்க. அம்பது படி, ஒரு நிமிஷம் உக்காரு, மறுபடி அம்பது, அப்படி போனா ஒரு மணி நேரத்துல மேல வந்துடலாம், நடுவுல ரெண்டு மடக்கு தண்ணி, ஒரு கடலைமிட்டாய். மேல வந்ததும் முடவாட்டுக்கால் சூப் குடிங்க. பாறைல வளர்ற கிழங்கு அது, மேல பிரவுன் கலர்ல முடி முடியா இருக்கும், பார்த்தா நிஜமாவே ஆட்டுக்கால் தான். அந்த தோல சீவி எடுத்துட்டு தட்டிப் போட்டு மிளகு சீரகத்தோட கொதிக்க விடுவாங்க. மூட்டு வலிக்கு நல்லதுன்னு விக்கறாங்க, எனக்கு மூட்டு சரியாச்சான்னு தெரியல, ஆனா அந்த குளிருக்கு மிளகு காரம் தொண்டைல இறங்குச்சு பாருங்க, ரெண்டாவது டம்ளர் தானா கேட்டுட்டேன்.

வயசானவங்கள கூட்டிட்டு போனா ஆகாய கங்கைக்கு இறக்காதீங்க. அதே மலைல மாசிலா அருவி இருக்கு, படி ரொம்ப கம்மி. எங்கம்மா அங்க தான் குளிப்பாங்க, நாங்க மூச்சு வாங்கிட்டு மேல வந்து சேரும்போது அவங்க தலை காஞ்சு, அறப்பளீஸ்வரர கும்பிட்டு, சோளக்காடு சந்தைல வாங்கின அன்னாசிய பாதி காலி பண்ணியிருப்பாங்க.