வெள்ளத்துக்குச் சரி, வாயுவுக்குத் தவறு: கடலூர், புதுச்சேரிக்காரர்கள் தவிர்க்க வேண்டியவை

கடலூரில் பேரிடர் என்றாலே கண் கடல் பக்கம்தான் போகும். 2004 சுனாமி, 2011 'தானே' புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் என்று வரிசையாக அடி வாங்கிய மாவட்டம் இது. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் படகை மேலே இழுத்துக் கட்டுவதும், கடல் உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேற்கே ஓடுவதும், சாத்தனூர் அணையைத் திறந்தால் தென்பெண்ணைக் கரையில் சாமான்களைப் பரண் மேல் ஏற்றுவதும் நமக்குப் பழகிவிட்டன. தண்ணீரைப் பற்றி இங்கே யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் கவலை வேறு. தண்ணீருக்குப் பழகிய அதே புத்தியோடு நச்சு வாயுவையும் கதிர்வீச்சையும் தொற்றுநோயையும் எதிர்கொள்ளப் பார்க்கிறோம். ஆபத்தின் வகை மாறினால், செய்ய வேண்டியதும் சில நேரம் தலைகீழாக மாறிவிடும்.

முதலில் சிப்காட் தொழிற்பேட்டை. ஓ.டி. என்கிற கடலூர் பழைய நகரிலிருந்து சிதம்பரம் சாலையில் போனால், உப்பனாற்றை ஒட்டி வரிசையாக இரசாயன ஆலைகள். பக்கத்திலேயே குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் என்று ஊர்கள். புயலுக்கு இரண்டு நாள் முன்பே கூண்டு ஏறும். வாயுக் கசிவுக்குக் கூண்டு கிடையாது. நாற்றம் வந்த பிறகு கிடைக்கும் சில நிமிடங்கள்தான் நம் கையில் இருப்பவை. அந்த நிமிடங்களில் பெரும்பாலோர் செய்வது, கால் போன போக்கில் ஓடுவது. 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் போபாலில் மீத்தைல் ஐசோசயனேட் என்ற நச்சு வாயு கசிந்தபோது, பலர் வாயு போன திசையிலேயே ஓடினார்கள். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள் என்று சொல்லக்கூட அவர்களுக்கு ஆளில்லை.

ஓடும் முன் காற்றைப் பாருங்கள். தென்னங்கீற்று எந்தப் பக்கம் சாய்கிறது, கட்சிக் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்க்க இரண்டு விநாடி போதும். வாயு வரும் காற்றுக்குக் குறுக்காக, பக்கவாட்டில் விலகிப் போக வேண்டும். காற்றோடு ஓடினால் வாயுவும் கூடவே வரும். விலக வழியில்லை என்றால் வீட்டுக்குள் போய்க் கதவு, ஜன்னலைச் சாத்தி, ஏசியையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் நிறுத்தி, கதவிடுக்கில் ஈரத்துண்டைத் திணியுங்கள். குளோரின் காற்றைப் போல இரண்டரை மடங்கு கனமானது. தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். மாடி இருந்தால் மாடி அறைக்குப் போவது நல்லது. அப்புறம், ஒரு மூச்சு இருமிவிட்டு, 'இப்போது சரியாகிவிட்டது' என்று வீட்டில் படுத்துக்கொள்வது பெரிய தவறு. குளோரின் போன்ற வாயுக்களைச் சுவாசித்தால், பல மணி நேரம் கழித்துக்கூட நுரையீரலில் நீர் கோக்கலாம். மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். கண் எரிந்தால் கசக்காமல், நல்ல தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். மயங்கியவர் வாயில் பாலோ மோரோ ஊற்றவே கூடாது.

ஆபத்து ஆலைக்குள் மட்டும் இல்லை, சாலையிலும் ஓடுகிறது. டேங்கர் லாரியின் பின்புறம் நான்கு இலக்க எண் ஒன்று எழுதியிருக்கும். 1005 என்றால் அமோனியா, 1017 குளோரின், 1075 சமையல் எரிவாயு. டேங்கர் கவிழ்ந்தால் அருகில் போய் வீடியோ எடுக்காதீர்கள். தூரத்திலிருந்தே எண் தெரிந்தால், 112க்கு அழைக்கும்போது அதையும் சொல்லுங்கள். வருகிற தீயணைப்பு வீரர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. உங்கள் ஊருக்கு அருகில் இருக்கும் ஆலையில் என்ன இருக்கிறது என்று கேட்பதும் தொந்தரவு கொடுப்பதாகாது. பெரிய அளவில் அபாயகரமான இரசாயனம் வைத்திருக்கும் ஆலை, விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய அக்கம்பக்கத்தாருக்கு முன்கூட்டியே விவரம் சொல்ல வேண்டும் என்று 1989ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. கிராம சபையில் கேளுங்கள்: சைரன் எப்படி ஒலிக்கும், எந்த வழியாக வெளியேற வேண்டும், ஒத்திகை எப்போது?

வாயு ஆலையிலிருந்துதான் வரும் என்பதும் தவறான எண்ணம். 2024 ஜூன் 11 அன்று புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில், பாதாளச் சாக்கடையிலிருந்து வீட்டுக் கழிப்பறை வழியாக நச்சு வாயு வந்து மூன்று பேர் இறந்தார்கள். விழுந்த தாயைத் தூக்கப் போன மகளும் அங்கேயே விழுந்தார் என்பதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. சாக்கடை வாயுவில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 'நாற்றம் போய்விட்டது, இனி பயமில்லை' என்று நினைப்பது அதனால்தான் ஆபத்து. கழிப்பறைக் கோப்பைக்கு அடியில் வளைந்த குழாயில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயுவைத் தடுக்கிறது. அந்த வளைவு இல்லாமல் இணைப்புக் கொடுத்திருந்தாலோ, நாள்கணக்கில் புழங்காமல் தண்ணீர் வற்றியிருந்தாலோ தடுப்பு இல்லை. செப்டிக் டேங்கில் ஒருவர் விழுந்தால், மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கித் தூக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் வரிசையாக நாலு பேர் சாவது இப்படித்தான்.

அணு உலை என்றதும் இங்கே நினைவுக்கு வருவது கல்பாக்கம். அங்கே ஏதாவது நடந்தால் ஹிரோஷிமா போல வெடிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். மின் உலை அணுகுண்டு போல வெடிக்காது. கதிரியக்கப் பொருள் வெளியே கசிவதுதான் கவலை. 2004 சுனாமியில் கல்பாக்கத்தின் பம்ப் ஹவுஸுக்குள் கடல்நீர் புகுந்தது, ஓடிக்கொண்டிருந்த உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். அவசரகாலத் திட்டம் அங்கே 16 கி.மீ. சுற்றளவுக்குப் போடப்பட்டிருக்கிறது, புதுச்சேரியும் கடலூரும் அதற்கு வெகுதூரம் வெளியே. ஆகவே வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பிக் குடும்பத்தோடு பைக்கில் கிளம்ப வேண்டாம். 2011 அணு உலை விபத்துக்குப் பின் ஜப்பானின் ஃபுகுஷிமா மாகாணத்தில் இடம்பெயர்ந்த அலைச்சலும் அதன் பின்விளைவுகளும் சேர்ந்து 2,000 பேருக்கு மேல் பலி வாங்கின. அதிகம் இறந்தவர்கள் முதியவர்கள்.

அயோடின் விஷயத்திலும் தவறு நடக்கிறது. அயோடின் மாத்திரை தைராய்டை மட்டும், கதிரியக்க அயோடினிடமிருந்து மட்டும் காக்கும். அதையும் அதிகாரிகள் சொன்னால்தான், சொன்ன நேரத்தில்தான் போட வேண்டும். 2011 ஃபுகுஷிமா விபத்தின்போது சீனாவில் மக்கள், அயோடின் கலந்தது என்று உப்பை வாங்கிக் குவித்தார்கள். ஒரு மாத்திரையில் இருக்கும் அயோடினுக்குக் கிலோக்கணக்கில் உப்புத் தின்ன வேண்டியிருக்கும்! வீட்டுக்குள் இருப்பது, வெளியே போய் வந்த உடையைக் கழற்றிவிட்டுக் குளிப்பது, அனுமதி வரும்வரை அந்தப் பகுதிப் பாலையும் கீரையையும் தவிர்ப்பது, இவைதான் உண்மையில் உதவும். 1986 செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பின் பிள்ளைகளைத் தைராய்டு புற்றுநோய் தாக்கியதற்குப் பெரிய காரணம், கதிரியக்க அயோடின் கலந்த பால்தான்.

கடைசியாக, வெள்ளம் வடிந்த பிறகு வரும் நோய்கள். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, பொதுச் சுகாதார அவசரநிலையே அறிவிக்க வேண்டியிருந்தது. தெளிவாகத் தெரியும் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று நம்பிவிடுகிறோம். கிணற்றுக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் நல்ல பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, ஒரு மணி நேரமாவது விட வேண்டும். வீடு கழுவும்போது அதே பிளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள். வீட்டுக்குள்ளேயே குளோரின் கிளம்பும். வயிற்றுப்போக்கு நிற்கட்டும் என்று தண்ணீர் கொடுக்காமல் இருப்பதும் தவறு. ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில், முழுசாகக் கரைத்துக் கொடுங்கள். அரை டம்ளருக்குக் கொஞ்சம் என்று போடக்கூடாது.

வெள்ளத்தில் நடந்த சில நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டு நாளைக் கடத்தாதீர்கள். மருத்துவரிடம் போய், 'வெள்ளத் தண்ணீரில் நடந்தேன், காலில் புண் இருந்தது' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் அது சாதாரணக் காய்ச்சல் போலவே இருக்கும்; நீங்கள் சொல்லும் அந்த ஒரு வரிதான் அவரைச் சரியான பரிசோதனைக்குக் கொண்டுபோகும்.