அரச வேலையில் சிங்களத் தேர்ச்சி: எங்கே சறுக்குகிறது?

இலங்கையில் அரச சேவை ஆட்சேர்ப்புப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். அரசியலமைப்பின் 22(5) ஆம் உறுப்புரை தரும் உரிமை அது. சேர்ந்தபின் நியாயமான காலத்துக்குள் சிங்களம் கற்கும்படி கேட்கவும் அதே உறுப்புரை இடமளிக்கிறது. நியமனக் கடிதத்திலுள்ள காலக்கெடுவை முதலில் பாருங்கள். தவறினால் சம்பள ஏற்றம் நிறுத்தப்படலாம்.

பேச்சுச் சிங்களத்தை மட்டும் நம்பி எழுத்துப் பரீட்சைக்குப் போகாதீர்கள். பேச்சில் ‘மம யனவா’ (நான் போகிறேன்), ‘எயா யனவா’ (அவர் போகிறார்) என வினை மாறாது. எழுத்தில் ‘மம யமி’ (நான் போகிறேன்), ‘ஒஹு யயி’ (அவன் போகிறான்) என எழுவாயோடு மாறும். தமிழ் வினைமுற்றும் அப்படித்தானே, பயம் வேண்டாம். உண்மையான தொல்லை எழுத்துக்கூட்டல்: ‘ந’வும் ‘ண’வும் சிங்கள உச்சரிப்பில் ஒன்றே, எழுத்தில் வேறு. காதால் பிடிக்க முடியாது. அலுவலகக் கோவையிலுள்ள சிங்களக் கடிதமொன்றைத் தினமும் பார்த்தெழுதுங்கள். மறுநாள் அதையே பார்க்காமல் எழுதித் திருத்துங்கள்.